மழை வரட்டும் என்று நின்ற காடு

நம்மில் பாதிப் பேருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரி வரிசையிலும் பேருந்துப் படியிலும் இடுப்பில் கை வைத்து நிற்பவர்களைப் பார்த்தால் எல்லாம் நம் வயதுக்காரர்கள்தான். முப்பது நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் தைத்தும் மடித்தும் பிசிறு வெட்டியும் கழித்தவர்களுக்கு மூச்சு வாங்காவிட்டால்தான் அதிசயம். போன வாரம் மருந்துக் கடையில் பார்த்த பழைய சிநேகிதி, "உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகலை?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். எனக்குப் பத்து வயதிலேயே வாங்கி முடித்துவிட்டது. அது முடிந்த இடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நாங்கள் தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டினார். அம்மா அதே கம்பெனியில் தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டினாள். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று எங்களுடையது. எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கழிவுத் துணி போட்டு வைக்கும் குடோன். காற்று அடித்தால் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் தூசி பறந்து வரும். சோற்றுப் பானை மூடியிலும், கொடியில் காயும் பாவாடையிலும், சுவரில் மாட்டிய சேசு படத்தின் தலையிலும் உட்காரும். அம்மா தினமும் அந்தப் படத்தை முந்தானையால் துடைப்பாள். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது தை மாதம் எனக்கு இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். பள்ளிக்கூடம் போகும் வழியில் மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. குளிர்ந்த காற்றுதான் காரணம் என்று அப்பா முடிவு கட்டினார். ஜன்னலைச் சாத்தினார். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த சந்தில், குடோனிலிருந்து ஒரு கை கழிவுப் பஞ்சு அள்ளி வந்து திணித்தார். எந்தப் பஞ்சு என் மூச்சை அடைத்ததோ அதையே எடுத்து ஜன்னலையும் அடைத்தார், பாவம். அவ்வளவு பிரியமாக அடைத்தார். ஒரு விரல் இடைவெளிகூட விடவில்லை.

மாசி கடைசியில் டாக்டர் சொல்லிவிட்டார்: "இந்தத் தூசிய விட்டு மூணு மாசம் வெளிய வச்சுப் பாருங்க. இல்லாட்டி மருந்து குடுத்துட்டேதான் இருக்கோணும்."

வெளியே என்றால் எங்கே? ஊரில் எங்களுக்கு வீடு இல்லை. அப்பா லீவு கேட்கப் போனபோது முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி யோசிக்கவே இல்லையாம். "காங்கேயத்துப் பக்கம் எந்தங்கச்சி தோட்டம் இருக்குதுங்க. கொண்டு போயி உடுங்க. காத்துக்குக் கொறச்சலே இல்லீங்க" என்றாராம். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

என்னிடம் யாரும் மூன்று மாதம் என்று சொல்லவில்லை. "பத்து நாள் இருந்துட்டு வா மக்ளே" என்றாள் அம்மா. அழக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். பதினோராவது நாள் நான் எவ்வளவு அழுவேன் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

காங்கேயத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் காற்றே தேங்காய் எண்ணெய் வாசனையாக இருந்தது. மில் களங்களில் உடைத்த தேங்காய்கள் வெயிலைப் பார்த்து வாய் பிளந்து கிடந்தன. அங்கிருந்து இன்னொரு பேருந்து, பிறகு மண் பாதையில் நடை. அப்பா என்னைப் பாதித் தூரம் தூக்கிக்கொண்டு நடந்தார். பாதையின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி. முள்ளும் பச்சைப் பட்டையுமாக, ஆள் உயரத்துக்கு, நட்ட குச்சியெல்லாம் மரமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட உயிர்வேலி. அதற்குள்ளே புல்லும் மரமுமாக ஒரு காடு. மலைக்காடு மாதிரி இருட்டானது இல்லை. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வெயில் நடமாடுகிற காடு. பெரும்பாலும் வெள்வேல மரங்கள். வெளுத்த பட்டை, குடை பிடித்த மாதிரி கிளை. மாடுகள் மேய்வதற்கென்றே விட்டு வைக்கும் அந்த மாதிரி நிலத்தைக் கொறங்காடு என்பார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

காட்டை ஒட்டி இரண்டு அறையும் ஒரு மாட்டுக் கொட்டகையுமாக வீடு. வாசலில் நின்றிருந்த அம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உயரம். இடுப்பில் செருகிய சேலை. கையில் சாணி.

"வாங்க, வாங்க. வாங்க கண்ணு. தண்ணி குடிக்கறீங்களா?"

நான் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தேன். எங்கள் ஊரில் சாமியாரையும் வாத்தியாரையும் தவிர யாரையும் யாரும் 'வாங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. திருப்பூரிலும் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் கேட்டிருந்தேன். பத்து வயதுப் பெண்ணை 'வாங்க' என்றால் அது கேலியாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் வழியில் நின்ற கன்றுக்குட்டியையும் "தள்ளி நில்லுங்க சாமி" என்றார். சரி, என்னையும் இதையும் ஒரே மாதிரி கேலி செய்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா கிளம்பும்போது என் தலையைத் தடவி, "முதலாளியோட தங்கச்சி. அம்மான்னு கூப்பிடு, என்னா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் கூப்பிடவில்லை. எனக்கு அம்மா ஒருத்திதான். கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகவே முதல் பத்து நாள் அவரை நான் எதுவும் கூப்பிடவில்லை. பசித்தால் அடுப்பங்கரைப் பக்கம் போய் நிற்பேன். அவர் கேட்டதற்குத் தலையை ஆட்டுவேன். அவருக்குத் துணை என்று அங்கே யாரும் இல்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டினார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். ஒரே மகன் திருப்பூரில் மாமா வீட்டில், அதாவது எங்கள் முதலாளி வீட்டில், தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பால் எடுக்க வந்தவரிடம் ஒருநாள் அவர் கேட்டது என் காதில் விழுந்தது: "ஏனுங்க, இந்தப் புள்ளைக்குப் பேச்சு வராதாட்ட இருக்குதுங்களே? அதச் சொல்லாமயே உட்டுட்டுப் போயிட்டாங்களோ?"

நான் ஊமை இல்லை என்று சொல்லக்கூட வாயைத் திறக்கவில்லை. பத்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொட்டகைச் சுவரில் கரியால் கோடு போட்டேன். பத்துக் கோடும் முடிந்து யாரும் வராத அன்று காலையில், வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடவைத் தாண்டிக் காட்டுக்குள் போனேன். அந்தப் பக்கம் நடந்தால் திருப்பூர் வந்துவிடும் என்று நினைப்பு.

அழுதுகொண்டே நடந்தேன். அழுகையும் நடையும் சேர்ந்தால் இளைப்பு எப்படி வரும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நடுக்காட்டில் ஒரு வெள்வேல மரத்தடியில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போனால் வெளியே வரவில்லை. கூப்பிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது? அந்த அம்மாளைக் கூப்பிட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. இருந்திருந்தாலும் சத்தம் வந்திருக்காது.

சுற்றிலும் காய்ந்த வெள்வேலங்காய்கள் உதிர்ந்து கிடந்தன. அதைத் தின்ன வந்த ஒரு கிழப்பசு என்னைப் பார்த்துவிட்டு நின்றது. என் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டது. புல்லும் பாலும் கலந்த சூடான காற்று. அதற்குப் பிறகும் அது போகவில்லை. காயைப் பொறுக்கிக் கடகடவென்று மென்றுகொண்டு பக்கத்திலேயே நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததில், எப்போது என்று தெரியாமல் என் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அவர் என்னைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது. ஓடி வந்த கால்களில் முள் கீறி ரத்தம். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை மடியில் போட்டு முதுகை நீவிக்கொண்டே, "கூப்பிட்டிருக்கக் கூடாதா கண்ணு? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 

"சத்தம் வரல" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"அட, பேசறீங்களா!" என்றார். அழுகையும் சிரிப்புமாக இருந்தது அவர் முகம்.

அன்று மாலை அவர் அந்தக் கிழப்பசுவின் கழுத்திலிருந்த வெண்கல மணியை அவிழ்த்தார். சாம்பல் போட்டுத் துலக்கினார். ஒரு பழைய சேலைக் கரையில் கோத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். "காட்டுக்குள்ள எங்க வேணாலும் போங்க. மூச்சு முட்டுச்சுன்னா இத ஆட்டுங்க, நான் வந்தர்றேன். உங்களாட்டப் புள்ளைக்குக் காத்துதான மருந்து? ஊட்டுக்குள்ள கட்டி வைக்க முடியுங்களா?"

மணி ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. பால்காரர் பார்த்துச் சிரித்தார். நடந்தால் கிணுங் கிணுங் என்றது.

அதற்கு அப்புறம் வந்த வாரங்களை நான் எப்படிச் சொல்வேன்? காலையில் கம்பஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குள் போனால், வெயில் உச்சிக்கு வரும்போதுதான் திரும்புவேன். முதல் வாரம் கடவுப் பக்கத்து மரம் வரைக்கும். அடுத்த வாரம் நடுவிலிருந்த வேம்பு வரைக்கும். பிறகு கிழக்கு வேலி வரைக்கும். அங்கே நின்றால் ஊதியூர் மலை நீலமாகத் தெரியும். கௌதாரிகள் புல்லுக்குள்ளிருந்து ஒன்றை ஒன்று விரட்டிக் கத்தும். சூரை முள் புதரில் கறுத்த பழம் பறித்துத் தின்று நாக்கெல்லாம் புளிப்பு. சப்பாத்திக் கள்ளிப் பழத்தை மண்ணில் உருட்டி முள் போக்கத் தெரியாமல் உதட்டில் முள்ளோடு திரும்பி வந்தேன். அத்தை விளக்கெண்ணெய் தடவி ஒவ்வொன்றாக எடுத்தார். ஆமாம், அதற்குள் அவர் எனக்கு அத்தை ஆகியிருந்தார். நானாகத் தேடிக்கொண்ட வார்த்தை. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அவர் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க கண்ணு?" என்று திரும்பினார். சொல்ல என்னிடம் விஷயம் எதுவும் இல்லை. சும்மா கூப்பிட்டுப் பார்த்தேன்.

பங்குனி கடைசியில் ஒருநாள், ஒரு முயல் குறுக்கே ஓடியது. அதன் பின்னால் நானும் ஓடினேன். வேம்பைத் தாண்டி, பாறையைத் தாண்டி, வேலி வந்த பிறகுதான் ஓடியிருக்கிறேன் என்பதே உறைத்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். பூனைக்குட்டி கத்தவில்லை. இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி அந்த நாட்களில் அடிக்கடி வந்தார். என்னைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வருவார். பிஸ்கட் வாங்கி வருவார். என் கன்னத்தைத் தட்டுவார். பிறகு காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் புதிதாகச் சாயப்பட்டறை போட்டிருந்தார். பாய்லருக்கு விறகு வேண்டும். ஒருநாள் அண்ணனும் தங்கையும் கொட்டகையில் பேசிக்கொண்டிருந்ததை நான் காய் பொறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"காடு சும்மாதான கெடக்குது அம்மிணி. மரம் நிக்கறதுனால உனக்கு என்ன? புல்லு அப்படியேதான இருக்கப் போகுது."

"நெழலு வேண்டாமுங்களாண்ணா? சித்திரை வெயில்ல மாடு எங்க நிக்கும்? காய் வேற உழுகுது, தீவனத்துக்கு."

"பட்டறை நின்னுபோச்சுன்னா எத்தன குடும்பம் நிக்கும், நெனச்சுப் பாரு. உம்பையன நாந்தான படிக்க வைக்கறேன்? நான் உங்கிட்டக் கேக்காம யாருகிட்டக் கேக்கறது?"

அத்தை சிதறிக் கிடந்த வைக்கோலைக் காலால் ஒதுக்கினார். பிறகு, "செரிங்ண்ணா. நீங்க சொன்னாச் செரி" என்றார். குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது. மறுநாள் ஒருவன் வந்து மரங்களின் இடுப்பில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனான். என் கிழப்பசு நிற்கும் மரத்திலும் போட்டான்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. நான் அங்கே இருந்தால் முதலாளிக்கு அடிக்கடி வந்து போக ஒரு காரணம் கிடைக்கும். தங்கையின் மனமும் இளகும் என்று கணக்குப் போட்டிருப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். என்னைக் காற்றுக்கு அனுப்பியவரும் அவர்தான். ஆனால் ஒரு பிள்ளையின் மூச்சு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சித்திரை பிறந்த ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்த கையோடு அம்மா என்னைப் பார்க்க வந்தாள். முதல் தடவையாக. கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். நான் காட்டிலிருந்து மணிச் சத்தத்தோடு ஓடி வந்தேன். அவள் கை விரித்தவள், என் இடுப்பைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏட்டி, என்னது இது?"

நான் மணியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"மாட்டு மணிதான இது? யாரு கட்டுனா?"

அத்தை தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தார். "வாங்க, உக்காருங்க. இப்பத்தான்..."

"எம் பிள்ளைய மாடுன்னு நெனச்சியளா?" அம்மாவின் குரல் கிழிந்து வந்தது. "பொழைக்க வந்தவியதான். ஒங்க அண்ணன்ட்ட கூலி வாங்குதவியதான். அதுக்காவ மாட்டோட மாடா மணி கட்டி மேய விடுவியளா? சொல்லுட்டி, இதக் கட்டித்தான் ஒன்ன வச்சிருந்தாவளா?"

இப்போது நான் உங்களுக்குச் சொல்லப் போவதை யாருக்கும் சொன்னதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மூச்சு முட்டிக் கிடந்ததையும் அவர் முள் கீற ஓடி வந்ததையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பால்காரர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. அம்மாவின் சேலையில் எங்கள் வீட்டு மணம் வந்தது. அவள் கோபமாக இருந்தால் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள் என்பதும் தெரிந்தது. "ஆமா" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. என்னைக் காட்டிக்கொடுத்து அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. "உங்க புள்ள, கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அப்போதும் 'ங்க' விட்டுப்போகவில்லை.

அம்மா சேலைக் கரையை அறுத்து மணியை வேலிக்கு வீசினாள். கிளுவை முள்ளுக்குள் எங்கேயோ விழுந்தது. பிறகு எத்தனையோ முறை தேடியும் அது அகப்படவே இல்லை.

திருப்பூர் வீட்டில் ஒன்பது நாள் நன்றாக இருந்தேன். பத்தாவது நாள் மதியம், அம்மா கம்பெனிக்குப் போயிருந்தபோது, பூனைக்குட்டி திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் கண் விழித்தபோது அம்மா கட்டில் ஓரத்தில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் பனியன் பிசிறு ஒட்டியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"அம்மா, நான் பொய் சொன்னேன்" என்றேன். விட்டு விட்டு, மூச்சு கிடைத்த அளவுக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, கிழப்பசு, முள் கீறிய கால், துலக்கிய மணி. அம்மா என்னை அடிக்கவில்லை. ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு வெகுநேரம் ஜன்னலையே பார்த்தாள்.

"நான் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள். "கேக்காம என்னன்னு அப்படிப் பேசினேன்?"

நான்கு நாள் கழித்து, நடக்க முடிந்ததும், என்னைக் கூட்டிக்கொண்டு காங்கேயம் பேருந்து ஏறினாள். அப்பா வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். மண் பாதையில் நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே கோடாலிச் சத்தம் கேட்டது.

வேலியோரம் லாரி நின்றது. முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். லாரிக்குப் பக்கத்தில் ஒரு மரம் ஏற்கனவே சாய்ந்து கிடந்தது. வெட்டிய இடம் பச்சைக் காயமாகச் சிவந்து ஈரமாக இருந்தது. மாடுகளெல்லாம் ஒரு மூலையில் கூடி நின்றன. அத்தை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா நேராக அவரிடம் போனாள். எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழப் போனாள். அத்தை பதறிப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, எந்திரிங்க, எந்திரிங்க."

"எம் பிள்ள பொய் சொல்லிட்டு. நானும் கேக்காம பேசிட்டேன். ஒங்கள அப்படிப் பேசினதுக்கு ஆண்டவரு என்ன மன்னிக்கணும். நீங்க மன்னிச்சாத்தான் அவரு மன்னிப்பாரு."

"புள்ளையப் பெத்தவ பேசாம இருப்பாளுங்களா? நானா இருந்தாலும் பேசியிருப்பேன்." அத்தை என்னை இழுத்து என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"அண்ணா" என்றார். அதுவரை நான் கேட்டிராத குரல். "வெட்டறத நிறுத்தச் சொல்லுங்க."

"என்ன அம்மிணி, ஆளு வந்தாச்சு, வண்டி வந்தாச்சு..."

"நீங்க அனுப்பிச்ச புள்ளைதானுங்ண்ணா. காத்துக்குன்னு நீங்கதான அனுப்பிச்சீங்க? மரத்த வெட்டிப்போட்டா அந்தக் காத்துக்கு எங்க போறதுங்க? நெஞ்சு மறுக்காவும் கத்துது. இந்தப் புள்ள இங்க இருக்கற வரைக்கும் கோடாலி உள்ள வரக்கூடாது."

முதலாளி கோடாலிக்காரர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தான் அனுப்பிய பிள்ளை என்பதை எல்லோர் முன்னாலும் எப்படி மறுப்பார்? அம்மா பக்கம் திரும்பினார். கம்பெனியில் அவர் நடந்து வந்தால் அம்மா தலை நிமிர மாட்டாள்.

"ஏம்மா, உம்புள்ளைக்கு இன்னும் எத்தன நாள் வேணுமுங்க?"

டாக்டர் சொன்ன கணக்கில் மிச்சம் ஒரு மாதம்தான். ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் வைகாசியில் காடு போயிருக்கும். அம்மா சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கோடு போட்ட மற்ற மரங்களைப் பார்த்தாள். நிமிர்ந்து, "மழ வார வரைக்கும் இருக்கட்டும் மொதலாளி" என்றாள்.

அந்த வருடம் மழை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் அது வரவே மறந்துதான் நாங்கள் இங்கே வந்திருந்தோம். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மீசையைத் துடைப்பது போலக் கையை வைத்துக்கொண்டார். "செரிங்க. மழ வரட்டும்" என்றார். சாய்ந்த மரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு லாரி போனது.

அப்பாவின் வேலை போய்விடும் என்று அம்மா ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தாள். போகவில்லை. ஆனிக் கடைசியில் மழை வந்தது. வந்த மூன்றாம் நாள் காடு முழுக்கக் கொழுக்கட்டைப் புல் தளிர்த்து, சிவப்புப் பட்டுப்பூச்சிகள் ஈர மண்ணில் ஊர்ந்தன. முதலாளி ஆள் அனுப்பினார். "புல்லு மொளைக்கறப்ப லாரி உள்ள வந்தா மேய்ச்சலே போயிருமுங்ண்ணா, புல்லு முத்தட்டும்" என்று அத்தை சொல்லி அனுப்பினார். புல் முத்தியபோது பசு கன்று போட்டிருந்தது. பிறகு நோம்பி என்று ஊர்த் திருவிழா வந்தது. பிறகு முழுப் பரீட்சை லீவு வந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன், "புள்ள வந்திருக்குதுங்ண்ணா." அத்தை ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. ஆகட்டும் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி விறகுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். வேறு எந்தக் காடு போயிற்றோ, அது எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தொடர்ந்து ஐந்து கோடை அங்கே போனேன். பதினைந்து வயதில் நான் பவர் டேபிள் மெஷினில் தைக்க உட்கார்ந்தபோது என் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஜன்னல் பக்கத்து மெஷின்தான் வேண்டும் என்று எல்லாக் கம்பெனியிலும் சண்டை போட்டேன் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மாவும் அத்தையும் அதற்கப்புறம் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போவதும் வருவதுமாக இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர் வந்தால் முறுக்கு சுடாமல் அனுப்பமாட்டாள் அம்மா. இருவரும் இப்போது இல்லை.

போன மாதம் போயிருந்தேன். பாதி வழிக்குத் தார் ரோடு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ், அந்தப் பக்கம் காற்றாலைகள். நடுவில் காடு நிற்கிறது. அத்தையின் மகனுக்கும் நம் வயதுதான். திருப்பூரில் இருந்த யூனிட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு நான்கு மாடுகளோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் மூச்சு வாங்குகிறது. வேலியோரமாகப் புதிதாக வெள்வேலங்கன்றுகள் முளைத்திருப்பதைக் காட்டினார். நட்டவை இல்லை, மாடு காயைத் தின்று சாணியில் போட்டது. ஆடு கடிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் சுற்றி முள் வைத்திருந்தார். நானே எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

"உங்க சிநேகிதங்க எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். "இங்க ரெண்டு பேருதான் நடக்கறோம், நானும் மாடும். பேச்சுத் துணைக்கு ஆளு வேணுமுங்க."

அதனால்தான் இதை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் புதுப் பேருந்து நிலையத்தில் காங்கேயம் வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், முள் இருக்கிறது. முதல் நாளே கிழக்கு வேலி வரைக்கும் போக வேண்டாம். கடவுப் பக்கத்து மரம் வரைக்கும் போவோம். அங்கே உட்காருவோம். அடுத்த வாரம் வேம்பு.